அட்வகேட் ஜெனரல் யாருடைய ஆள்?

தமிழ்நாட்டில் ஆட்சி மாறியதும் காலியாகிற நாற்காலிகளில் அட்வகேட் ஜெனரலுடையதும் ஒன்று. 2021 மே மாதம் விஜய் நாராயண் விலகினார், ஆர். சண்முகசுந்தரம் வந்தார், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் நம்மிடையே ஊறிப்போன ஒரு கருத்து. தூத்துக்குடியில் அது இன்னும் அழுத்தமாக ஒலிக்கும். அந்த நாற்காலியில் பழமைவாதி ஒருவர் உட்கார்ந்தால் பணக்காரர் பக்கமும் அதிகாரத்தின் பக்கமும் சாய்வார். நம் கொள்கைக்காரர் உட்கார்ந்தால் சனங்களின் பக்கம் நிற்பார். எனவே ஆளின் சாயத்தைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும் என்பது அந்தக் கருத்து. இதற்குச் சான்று தேட இந்தக் கரையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கித் தூத்துக்குடிக்கு வந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை கப்பல் விட்டார், கோரல் மில் தொழிலாளருக்காக நின்றார், 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹேயிடம் தீவாந்தர தண்டனை வாங்கினார், வக்கீல் தொழில் செய்யும் சன்னதையும் இழந்தார். 1907இலிருந்து சென்னையில் அட்வகேட் ஜெனரலாக இருந்த பி.எஸ்.சிவசாமி அய்யரோ அடுத்து ஆளுநரின் நிர்வாகக் குழுவுக்குப் போனார், சர் பட்டமும் பெற்றார். ஒருவர் செக்கிழுத்தார், ஒருவர் படியேறினார். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்பார்கள்.

வேண்டியிருக்கிறது. இந்த இரு வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வ.உ.சி.யின் பெருமை தெரியும். அட்வகேட் ஜெனரல் பதவி எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அந்தப் பதவியில் இருந்த பழமைவாதிகள் வரிசையை முழுதாகப் பார்க்க வேண்டும். சிவசாமி அய்யருக்கு முன்னால் அங்கே இருந்தவர் சேத்தூர் சங்கரன் நாயர். காந்தியின் வழியைக் கடுமையாக எதிர்த்துப் பின்னாளில் புத்தகமே எழுதியவர். எந்த அளவுகோலிலும் தீவிரவாதி இல்லை. அட்வகேட் ஜெனரல் பதவியிலிருந்து உயர் நீதிமன்றத்துக்குப் போய், மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட வழக்கை விசாரித்த மூவரில் ஒருவராக உட்கார்ந்தார். வைசிராயின் நிர்வாகக் குழு வரை ஏறினார். அப்புறம் 1919இல் பஞ்சாபில் நடந்த ராணுவச் சட்டக் கொடுமைக்காக அந்த உயர்ந்த இடத்தைத் தூக்கியெறிந்தார். 1916 முதல் 1920 வரை அட்வகேட் ஜெனரலாக இருந்த எஸ்.சீனிவாச அய்யங்கார் பதவியை விட்டார், அரசு தந்த சி.ஐ.இ. பட்டத்தையும் திருப்பிக் கொடுத்தார், 1926 குவாஹாட்டி காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். சிவசாமி அய்யரே 1921இல் மத்திய சட்டமன்றத்தில் எஷர் குழு அறிக்கையை எதிர்த்துத் தீர்மானங்கள் கொண்டுவந்து, இந்திய ராணுவம் இந்தியாவின் பாதுகாப்புக்குத்தான், அதன் அதிகாரிகளாக இந்தியரை எடுக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசை மடக்கினார். மூவரும் மிதவாதிகள், மூவரும் சொத்தும் அந்தஸ்தும் உள்ள வீட்டு வக்கீல்கள். எந்தக் கட்டத்தில் யார் எப்படி நடப்பார் என்பதை இவர்களுடைய சாயத்தை வைத்து முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியுமா?

இதைவிடக் கூர்மையான சான்று 1951இல் இருக்கிறது. அது நம் அரசியலின் நடுமையத்தைத் தொடுவதால் சற்று நின்று பார்க்கலாம். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைப்படி கல்லூரியில் ஒவ்வொரு 14 இடத்துக்கும் ஒரு பங்கீடு இருந்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. இந்த ஆணையை எதிர்த்து வந்ததுதான் செண்பகம் துரைராசன் வழக்கு. கூடவே சீனிவாசன் என்ற மாணவரின் வழக்கும் வந்தது. சீனிவாசனுக்காக உச்ச நீதிமன்றத்தில் எழுந்து நின்றவர் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். 1929 முதல் 1944 வரை இதே மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் உறுப்பினர். அரசாணையைக் காக்க எழுந்தவர் அன்றைய அட்வகேட் ஜெனரல் வி.கே.திருவேங்கடாச்சாரி. அவரும் அதே சமூகம், அதே சென்னை பார், அதே வார்ப்பில் வந்த வக்கீல். சாயத்தை வைத்துப் பேசுகிறவர்கள் இந்த இருவரையும் ஒரே பக்கத்தில்தான் எழுதியிருப்பார்கள். வழக்கு அவர்களை எதிரெதிரே நிறுத்தியது. திருவேங்கடாச்சாரி தோற்றார், ஏழு நீதிபதிகளும் அரசாணையை ரத்து செய்தார்கள். ஆனால் நலிந்த பிரிவினரின் கல்வி நலனைப் பேண வேண்டும் என்கிற 46ஆவது பிரிவை முன்னே வைத்து அவர் கட்டிய வாதம் எங்கே போயிற்று என்று பாருங்கள். தீர்ப்பு ஏப்ரலில் வந்தது. ஜூனில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. நீதிமன்றம் ஏற்க மறுத்த அந்த நோக்கம் 15(4) என்ற எண்ணோடு சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது. பெரியாரின் கிளர்ச்சியும் காமராசரின் அழுத்தமும் இல்லாமல் அது வந்திருக்காது, சரி. ஆனால் உச்ச நீதிமன்றத்தில் அந்த வாதத்தைப் பதிவில் ஏற்றியது அந்த நாற்காலி.

இந்த வரிசை முழுக்க ஒரே பக்கம் சாயவில்லை. 1920 முதல் 1923 வரை அட்வகேட் ஜெனரலாக இருந்த சி.பி.ராமசாமி அய்யர், பிறகு திருவிதாங்கூர் திவானாகி, 1946இல் புன்னப்புரா வயலாரில் தொழிலாளர் எழுச்சியைத் துப்பாக்கியால் அடக்கியவர். 1947இல் சமஸ்தானத்தைத் தனி நாடாக்கப் பார்த்தவர். பழமைவாதி அதிகாரத்தில் என்ன செய்வான் பார் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் 1936இல் கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்ட பிரகடனம் வெளிவந்ததும் அதே திவானின் காலத்தில்தான். எதிர்ப்பக்கத்தில், கம்யூனிஸ்ட் இயக்கத்தில் வளர்ந்து சிறை கண்ட மோகன் குமாரமங்கலத்தை 1966இல் அட்வகேட் ஜெனரலாக்கியது பக்தவத்சலத்தின் காங்கிரஸ் அரசு. அவரும் அந்த அரசுக்காகத்தான் வாதாடினார். இடதுசாரி உட்கார்ந்தார் என்பதற்காக அரசு இடதுபக்கம் திரும்பிவிடவில்லை.

அப்படியானால் ஒருவரின் நம்பிக்கைக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, நான் மறுக்கவில்லை. இட ஒதுக்கீட்டை மனத்துக்குள் வெறுக்கிறவர் அதற்காக வாதாடும்போது குரல் தளரலாம். அப்படிப்பட்டவரை அந்த வழக்குக்கு அனுப்பாமல் இருப்பது அரசின் புத்திசாலித்தனம். ஆனால் அது வழக்காடும் வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி. அதற்கு மூத்த வழக்கறிஞர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அரசு காசு கொடுத்து டெல்லியிலிருந்தே அழைத்துவருகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 165ஆவது பிரிவு அட்வகேட் ஜெனரலுக்கு முதலில் சொல்லும் வேலை வேறு: சட்ட விஷயங்களில் மாநில அரசுக்கு ஆலோசனை சொல்வது. அதாவது, நீங்கள் செய்யப்போவது நிற்காது என்று முதலமைச்சரின் முகத்துக்கு நேரே சொல்வது. அந்த வேலைக்குக் கொள்கைப் பற்று பெரிய தகுதி இல்லை, சில நேரம் இடைஞ்சல். தன் கட்சி எடுத்த முடிவு சட்டப்படி ஓட்டை என்பதைக் கட்சிக்காரரால்தான் கடைசியாகப் பார்க்க முடிகிறது. வ.உ.சி.யை வைத்தே இதற்கு இன்னொரு பக்கமும் சொல்லலாம். அவர் இழந்த சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்காக வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். ஆளின் சாயத்தைப் பார்க்காமல் செயலைப் பார்த்தவர் அவர். அவர் பெயரைச் சொல்லி எதிர்மாறாக வாதாடுவது பொருத்தமாகத் தெரியவில்லை.

கோளாறு எங்கே என்றால், அதே 165ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவில். ஆளுநரின் விருப்பம் உள்ளவரை அட்வகேட் ஜெனரல் பதவியில் இருப்பார் என்கிறது அது. நடைமுறையில் ஆளுநரின் விருப்பம் என்பது முதலமைச்சரின் விருப்பம். யாருக்கு வேண்டாததைச் சொல்ல வேண்டுமோ, அவர் கையில்தான் வேலையும் இருக்கிறது. இதோடு பதவிக்கு வரும் பாதையும் போகும் பாதையும் கட்சி வழியாகப் போனால் என்ன மிஞ்சும்? 2011இல் அட்வகேட் ஜெனரலான நவநீதகிருஷ்ணன் அடுத்து அரசுப் பணியாளர் தேர்வாணையத் தலைவரானார், 2014இல் அ.தி.மு.க.வின் மாநிலங்களவை உறுப்பினரானார். 2002 முதல் 2008 வரை தி.மு.க.வின் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவர் சண்முகசுந்தரம். இருவரும் தேர்ந்த வழக்கறிஞர்கள். அவர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரமும் இல்லை, நோக்கமும் இல்லை. ஆனால் சிவசாமி அய்யர் பதவியிலிருந்து நிர்வாகக் குழுவுக்கு ஏறியதைச் சொல்லிக்காட்டுகிறவர்கள் இந்த ஏணியை மட்டும் ஏன் பார்ப்பதில்லை? வெள்ளைக்காரன் போட்ட ஏணி அடிமைத்தனம், நாம் போட்டது சமூக நீதி என்று இரண்டு கணக்கு வைத்துக்கொள்ள முடியாது.

இந்தக் கோளாறின் விலையைத் தூத்துக்குடி அளவுக்குக் கொடுத்த ஊர் குறைவு. ஸ்டெர்லைட் ஆலைக்கு 1994இல் அடிக்கல் நாட்டியவர் ஜெயலலிதா. 1996இல் ஆலை இயங்க அனுமதி கிடைத்தபோது நடந்தது தி.மு.க. ஆட்சி. நீதிமன்றப் படியேறியவர்கள் தன்னார்வ அமைப்பும் வைகோவும் தொழிற்சங்கத்தாரும். 2010 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்துத் திறக்க விட்டது. இடையில் இரண்டு கட்சியும் ஆண்டன, அட்வகேட் ஜெனரல்களும் மாறினார்கள். ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது 2018 மே 22இல் தொடங்கிய போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதற்கு ஆறு நாள் கழித்து வந்தது சுற்றுச்சூழல் துறையின் அரசாணை எண் 72. அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மிகச் சுருக்கமான ஆணை அது. ஏப்ரல் 9இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்ததையும் மே 23இல் மூடச் சொன்னதையும் குறிப்பிடும். அரசமைப்பின் 48ஏ பிரிவையும் நீர் மாசுச் சட்டத்தின் 18(1)(பி) பிரிவையும் துணைக்கு அழைக்கும். ஆலையை நிரந்தரமாக மூடி முத்திரையிடச் சொல்லி முடியும். இருபது ஆண்டுச் சேதத்தின் கணக்கு அதில் கிடையாது. நிலத்தடி நீர், தாமிரக் கசடு, காற்று எதைப் பற்றியும் அரசு தன் வாயால் காரணம் சொல்லவில்லை. அந்த டிசம்பரிலேயே பசுமைத் தீர்ப்பாயம் மூடலை ரத்து செய்தது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று சொன்னதால் பிழைத்தோம். 2020 ஆகஸ்டில் மூடலை உறுதி செய்ய உயர் நீதிமன்றம் 815 பக்கம் எழுத வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரி 29இல்தான் உச்ச நீதிமன்றத்தில் ஆலையின் உரிமையாளரான வேதாந்தாவின் மேல்முறையீடு தள்ளுபடியானது.

அந்த ஆணைக்கு முன் அட்வகேட் ஜெனரலிடம் கேட்டார்களா, கேட்டிருந்தால் அவர் என்ன எழுதித் தந்தார் என்பதைப் படித்துப் பார்க்கும் வழி இந்த ஊர்க்காரருக்குக் கிடையாது. கோபமான ஒரு நாளில் அமைச்சரவை அவசரப்படலாம். அது மனித இயல்பு. அவசரப்படாதே, காரணத்தை எழுது, இல்லையென்றால் தீர்ப்பாயத்தில் விழும் என்று சொல்வதற்குத்தான் அரசமைப்பு ஒரு ஆளை வைத்திருக்கிறது. அவர் பழமைவாதியா முற்போக்காளரா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். எழுதினாரா என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆவது பிரிவின்படி, பொதுத் தொல்லை ஒன்றை நிறுத்த அட்வகேட் ஜெனரலே வழக்குப் போடலாம். யாரும் தனக்கு நேர்ந்த சேதத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. ஊர்க்காற்றைக் கெடுக்கிறவன் மீது ஊர் சார்பில் வழக்குப் போடும் அதிகாரம் அந்த நாற்காலியிடம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது. அரசு கொடுத்த அனுமதியில் ஓடும் ஆலை மீது, அரசு நினைத்தால் நீக்கிவிடக்கூடிய ஒருவர் அந்த அதிகாரத்தை எடுப்பார் என்று எதிர்பார்ப்பது, அவர் எந்தக் கொள்கைக்காரராக இருந்தாலும், வீண்.

அப்படியென்றால் அமெரிக்காவைப் போலத் தேர்தல் வைக்கலாமே என்பார்கள் சிலர். அங்கே 43 மாநிலங்களில் அட்டர்னி ஜெனரலை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பழமைவாத வழக்கறிஞருக்கு அது ஆளுநர் பதவிக்குப் போகும் முதல் படி. முதலமைச்சரின் தயவு அங்கே தேவையில்லை, உண்மைதான். ஓக்லஹோமாவில் 2010இல் அப்படி வென்றவர் ஸ்காட் புரூயிட். அடுத்த ஆண்டு அவர் மத்திய சுற்றுச்சூழல் முகமைக்குத் தன் அலுவலகத் தாளில் ஒரு புகார்க் கடிதம் அனுப்பினார்; அதை எழுதிக் கொடுத்தது டெவன் என்ற எண்ணெய், எரிவாயு நிறுவனத்தின் வக்கீல்கள் என்று 2014இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அந்த முகமையைப் பத்துக்கு மேற்பட்ட முறை கோர்ட்டுக்கு இழுத்தவர், 2017இல் அதற்கே தலைவராக அமர்த்தப்பட்டார். இதையும் பழமைவாதத்தின் குற்றம் என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. தேர்தலுக்குப் பணம் வேண்டும். பணம் கொடுத்தவன் கடிதமும் எழுதிக் கொடுப்பான். முதலமைச்சரின் தயவை எடுத்துவிட்டு நன்கொடையாளரின் தயவை வைப்பதால் தூத்துக்குடிக்கு என்ன லாபம்? நம் ஊரில் ஓட்டுக்குப் பணம் எப்படிப் போகிறது என்பது தெரிந்தவர்கள் இந்த யோசனையைச் சொல்லும்போது கொஞ்சம் கூச்சப்பட வேண்டும்.

இந்தக் கரைக்கு இதைவிட நல்ல முறை ஒன்று பழக்கம். மன்னார் வளைகுடாவில் அரசு முத்துக் குளிப்பு நடத்திய காலத்தில், கடலிலிருந்து கரை சேர்ந்த சிப்பியைக் குளிகாரர்களே மூன்று கூறாகக் குவிப்பார்கள். எந்த இரண்டு கூறு அரசுக்கு, எது அவர்களுக்கு என்பதைக் குவித்து முடித்த பிறகுதான் அதிகாரி கைகாட்டுவார். தன் பங்கு எதுவென்று தெரியாதவன் கூறைக் குறைத்துப் போட மாட்டான். குளிகாரர் யோக்கியரா, எந்தச் சாதி, எந்த மதம் என்று அதிகாரி கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லாதபடி முறையை வைத்திருந்தார்கள். அரசுக்கு மூன்றில் இரண்டு என்பது கொள்ளைதான், அது வேறு பேச்சு. அட்வகேட் ஜெனரல் பதவிக்கு வேண்டியது இந்த மாதிரியான ஏற்பாடு. அவர் சொன்ன ஆலோசனை, வழக்கு கடைசித் தீர்ப்பைத் தொட்டதும், சட்டமன்ற மேசையில் வைக்கப்பட வேண்டும். ஒருநாள் எல்லாரும் படிப்பார்கள் என்று தெரிந்தால், வேண்டியவருக்கு வேண்டியபடி எழுதும் கை தயங்கும்; எச்சரித்தும் கேட்காத அமைச்சருக்கும் பிற்பாடு பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதவியை விட்டபின் சில ஆண்டுகளுக்குக் கட்சி சீட்டோ அரசு நியமனமோ இல்லை என்ற மரபும் வேண்டும்.

வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியம் கெட்டுவிடும் என்பதுதான் இதற்கு வரும் கடைசி ஆட்சேபம். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் வராது என்று 2017இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதையும் எடுத்துக்காட்டுவார்கள். வழக்கு நடக்கும்போது எதிராளி படித்துவிடக் கூடாது என்பது நியாயம். அதனால்தான் தீர்ப்புக்குப் பிறகு என்றேன். ரகசியம் கட்சிக்காரரின் உரிமை, வக்கீலுடையது இல்லை. இங்கே கட்சிக்காரர் மாநில அரசு. அது விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம், டெல்லி தீர்ப்பு அதைத் தடுக்கவில்லை. அரசமைப்பின் 177ஆவது பிரிவு அட்வகேட் ஜெனரலுக்குச் சட்டமன்றத்துக்குள் வந்து பேசும் உரிமையைத் தருகிறது, ஓட்டு மட்டும் கிடையாது. சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லக்கூடியவர் என்று நினைத்துத்தான் அந்தக் கதவைத் திறந்து வைத்தார்கள். ஸ்டெர்லைட் வழக்கு 2024இல் தள்ளுபடியாகிவிட்டது; அந்தக் கோப்பில் உள்ள சட்ட ஆலோசனைகளால் இனி எந்த எதிராளிக்கும் ஆதாயமில்லை. புதிய சட்டமோ திருத்தமோ எதுவும் தேவையில்லாமல், அரசு நினைத்தால் அடுத்த கூட்டத்தொடரிலேயே அவற்றை மேசையில் வைக்கலாம்.